இனிஷியல்

கும்பகோணம் கேஸ் ஏஜென்சியில்
கண்ணாடியின் அரைவட்டத் துளை வழியே
என் பாஸ்போர்ட் உள்ளே போனது.
தையல்நாயகி அதைப் புரட்டி, தலைகீழாக்கி,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?" என்றாள்.

லிகாயா உமாலி கதாபாங்.
முதலில் நான். கடைசியில் அப்பா.
நடுவில் இருப்பது அம்மா வீட்டுப் பெயர்.
எங்கள் தீவுகளில் எல்லோரும் அப்படித்தான்,
அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டுதான் நடப்போம்.

"நடுவுல அம்மாவா?"
பக்கத்து மேஜைக்கும் சொன்னாள்.
பக்கத்து மேஜை டிபன் பாக்ஸிலிருந்து
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.
"அப்ப இனிஷியல்?"

இங்கே நெல்லுக்கே இனிஷியல் உண்டு.
நான் வேலை பார்க்கும் வயலில்
பாத்திக்குப் பாத்தி தகரப் பலகை:
ஏ.டி.டி. 43, ஏ.டி.டி. 45.
ஆடுதுறைதான் அவற்றுக்குத் தகப்பன்.
எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

"ஆடுதுறையிலதான குடியிருக்கீங்க?"
புருவத்தை உயர்த்தினேன்.
எங்கள் ஊரில் அது ஆமாம்.
இந்த ஊரில் அது என்ன.
அவள் மறுபடி கேட்டாள், நான் மறுபடி உயர்த்தினேன்.
மூன்றாம் முறை
காது மந்தமானவளிடம் கேட்பதுபோலக் கத்தினாள்.
வரிசையில் நின்றவர்கள் எல்லோரும்
எனக்காக "ஆமா" என்றார்கள்.

வாடகை ஒப்பந்தம் பத்திரத்தில் வேண்டும்.
ஜெகபர் அலி கையெழுத்துப் போடத் தயார்,
ஆனால் பத்திரம் விற்பவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.
யார் கல்யாணம் என்று கேட்டேன்.
அவருடையதுதான்.
தஞ்சாவூரில் பதிவுச் சீட்டு வாங்கப் போனால்
"சர்வர் வரல."
மத்தியானம் ஓட்டலிலும் அதையே சொன்னார்கள்,
அங்கேயாவது சர்வர் பத்து நிமிடத்தில் வந்தார்.

மூன்று மாதம் மின்சார அடுப்பு.
மின்சாரம் போன இரவுகளில்
பிஸ்கட், பூவன் பழம்.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
கல்லணையைத் தாண்டி
வீரசோழனில் நுரைத்துக்கொண்டு வந்துவிட்டது.
என் விண்ணப்பம் இன்னும் கும்பகோணத்திலேயே.
"கடமடைக்குத் தண்ணி லேட்டாத்தாங்க வரும்"
என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்,
என்னைத்தான் சொன்னாரோ, தன் வயலையோ.

ஐந்தாவது முறை போனபோது மின்விசிறி நின்றிருந்தது.
தையல்நாயகி தயிர்சாதத்தைத் திறந்தபடி
"உங்க ஊர்லயும் சோறுதானா?" என்றாள்.
சொன்னேன்:
வயலில் இருந்தால் பாலாய்,
மூட்டையில் இருந்தால் பிகாஸ்,
தட்டில் விழுந்தால் கானின்.
விரல் மடக்கினாள்.
நெல். அரிசி. சோறு.
"சரியா இருக்கே!"
இங்கிலீஷில் மூன்றுக்கும் ஒரே வார்த்தை என்றேன்.
"அய்யோ பாவம்" என்றாள்,
உண்மையாகவே வருந்தி.
கை கழுவிவிட்டு வந்து
"நாளைக்கு வாங்க" என்றாள்.

நாளைக்குப் போனேன்.
அதற்கடுத்த நாளைக்கும்.

இன்று காலை ஏழு மணி.
தெருவில் இரும்பு உருளும் சத்தம்.
"உமா! லி.உமா யாருங்க? உமாக்கா!"

யாரோ உமா, வரட்டும் என்று இருந்தேன்.
எதிர்வீட்டுப் பெண் என் கதவைக் கைகாட்டினாள்.
ரசீதைப் பார்த்தேன்.
கதாபாங்கைக் காணோம்.
லிகாயா ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டாள்.
உமாலியின் கடைசி எழுத்து உதிர்ந்து
ஆடுதுறைத் தெருவில் நின்றது
அம்மா வீடு.

பத்தாங்காஸ் மலைச்சரிவில் எருமை ஓட்டிய உமாலிகள்,
கடனுக்கு நிலத்தை விட்ட உமாலிகள்,
பிரசவத்தில் போன என் சின்னம்மா ரோசா உமாலி.
யாரும் இதுவரை ஏறாத கப்பலில்
எல்லோரும் வந்து இறங்கிவிட்டதுபோல.

பையன் சிலிண்டரை நிமிர்த்தினான்,
சோப்பு நுரை தடவி வாயுக் கசிவு பார்த்தான்,
பேனாவை நீட்டினான்.
"பேரு கரெக்டாக்கா?
தப்புன்னா ஆபீஸ்ல போயி
திருத்தச் சொல்லி எழுதிக் குடுக்கணும்,
ரெண்டு காப்பி."

புருவத்தை உயர்த்தினேன்.

"என்னக்கா?" என்றான்.